ஏழாவது நிராகரிப்பு

காலை பதினொன்று பத்து. வீடியோ அழைப்பு பற்றி அந்த ஆண்டில் வந்த ஏழாவது மனு. வாங்கிக்கொண்டவர் வரம்பு சார்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்ப் பிரிவில் அவருக்கு அலுவலகமே வைத்த பெயர் அது. டேட்டா என்று எந்த மனு வந்தாலும் ‘ஆணையத்தின் அதிகார வரம்புக்குள் வரவில்லை’ என்று எழுதி, கையோடு முத்திரை குத்திவிடுவார்.

எதிரே அக்காவும் தங்கையும். தங்கை தையல்காரி, அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. பிறவியிலேயே காது கேட்காது. பேசியது அக்கா.

“சார், இவ கையாலதான் பேசுவா. எங்களுக்கு வீடியோ கால்தான் போன். மத்தியானத்துக்குள்ள அன்னிக்கு உள்ள டேட்டா தீர்ந்துடுது. உடனே கம்பெனிக்காரன் வேகத்தைக் குறைச்சுடறான். படம் அப்படியே நின்னுடுது.”

“கூடுதல் பேக் போட்டுக்கலாமே?”

“மூச்சு முட்டும்போது பேக் போட முடியுமா சார்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இவளுக்கு ஆஸ்துமா. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூப்பிட்டா. கையைத் தூக்கினா. அதோட படம் நின்னுடுச்சு. பை சொல்றான்னு நினைச்சு நான் கட் பண்ணிட்டேன்.” அக்காவின் குரல் இறங்கியது. “துணி வாங்க வந்த பொண்ணு கதவைத் தள்ளிப் பார்த்தா. இல்லேன்னா இன்னிக்கு நான் தனியாத்தான் வந்திருப்பேன்.”

பக்கத்து மேஜை எழுத்தரம்மா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

“அவசர அழைப்பை எந்தக் கம்பெனியும் தடுக்கக் கூடாதும்மா. பேலன்ஸ் இல்லாட்டியும் போகும். எங்க உத்தரவுதான் அது” என்றார் வரம்பு சார்.

“அது காது கேட்கிறவங்களுக்கு சார்.”

“சட்டம் எங்களுக்குக் கொடுத்திருக்கிறது குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும்தான். டேட்டாவைப் பத்தி அதுல ஒரு வரி கிடையாது. அந்தக் காலத்துல எழுதினது.”

“உங்களுக்கு முன்னாடி இருந்தவர் கம்பெனிக்கு ஒரு போன் போடுவாராமே? மறுநாளே சரியாயிடுமாம்.”

“போடுவார்.”

“நீங்களும் ஒண்ணு போடுங்களேன்.”

“மாட்டேன்.”

எழுத்தரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “சார், அந்தக் கம்பெனி மேலாளர் உங்க கூடப் படிச்சவர்தானே? ‘கொஞ்சம் பார்த்துச் செய்யப்பா’ன்னா முடிஞ்சுது. அதுல குறைஞ்சா போயிடுவீங்க?”

வரம்பு சார் கணினியைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு விரல்களால் தட்ட ஆரம்பித்தார். நாற்பது நிமிடம் தட்டினார். அச்சு இயந்திரம் இரண்டு தாள்களைத் துப்பியது.

“இல்லைன்னு சொல்ல ரெண்டு பக்கமா?” என்றார் எழுத்தரம்மா. “எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் ஒரே வார்த்தையில சொல்லிடுவேன்.”

முதல் பக்கத்தின் தலையில் முத்திரை விழுந்தது. நிராகரிக்கப்பட்டது.

“கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க. தேதியும் போடுங்க. பத்திரமா வச்சுக்குங்க.”

“கண்ணாடி போட்டு மாட்டி வைக்கிறேன் சார்” என்றாள் அக்கா.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் அந்தத் தாள்களைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள். ‘முடியாதுன்னுட்டார், வா’ என்று தங்கைக்குக் கையால் சொன்னாள்.

தங்கை வரவில்லை. குனிந்து தாள்களை எடுத்தாள். பெஞ்சில் வைத்து, துணியை நீவுவதுபோல் நீவினாள். உள்ளே அவர் பேசிய தொனி எதுவும் அவள் காதில் விழவில்லை. அவளுக்கு இந்தக் காகிதம்தான் பதில். முதல் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பினாள்.

திடீரென்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது: ‘மனுதாரரின் பாதிப்பு உண்மை என்று ஆணையம் ஏற்கிறது. இவர் போன்றோருக்கு வீடியோ அழைப்பைத் தவிர வேறு அழைப்பு இல்லை. சட்டம் இதைப் பற்றிப் பேசாத ஒரே காரணத்தால் மனு நிராகரிக்கப்படுகிறது. சட்டத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. மேல்முறையீட்டுக்கு இந்த உத்தரவே போதும். தீர்ப்பு வரும்வரை வேகத்தைக் குறைக்கத் தடையும் கேட்கலாம். அறுபது நாள் அவகாசம். இலவச சட்ட உதவி இதே கட்டடத்தில், தரைத்தளம், நான்காம் எண் அறை.’

அக்கா திரும்ப உள்ளே போனாள்.

“சார், இதை வாயால சொல்லியிருக்கக் கூடாதா? குப்பைத்தொட்டி வரைக்கும் போயிட்டு வந்துடுச்சு.”

“மனுதாரருக்கு யோசனை சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா. உத்தரவுல காரணம் எழுதலாம். அதைத்தான் எழுதினேன்.”

“அந்த ஒரு போன்...”

“போட்டிருந்தா உங்க தங்கச்சிக்கு மட்டும் சரியாயிருக்கும். அதுவும் அந்த மேலாளர் அங்க இருக்கிற வரைக்கும். அப்புறம் கோர்ட்ல எதைக் காட்டுவீங்க?”

எழுத்தரம்மா எழுந்து வந்து, கசங்கிய தாளை வாங்கிப் பார்த்தார். “மத்த ஆறு பேருக்கும் இப்படித்தான் எழுதினீங்களா சார்?”

“ஆமா. யாரும் ரெண்டாம் பக்கத்தைத் திருப்பலை.”

அக்காவும் தங்கையும் தரைத்தளத்துக்கு இறங்கினார்கள்.

அடுத்த ஆண்டு மார்ச் 11ஆம் தேதி தீர்ப்பு வந்தது. வீடியோ அழைப்பும் அழைப்புதான், காது கேளாதவர்களுக்கு அதன் வேகத்தைக் குறைக்கக் கூடாதென்று உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். வழக்கில் தோற்றது ஆணையம். அன்று பிற்பகலே வரம்பு சார் பழைய ஆறு மனுக்களையும் அலமாரியிலிருந்து எடுத்து, ஏழு பேருக்கும் சேர்த்து உத்தரவு போட்டார். அது ஒரே பக்கம்தான்.