பல் நாற்காலிப் பேரம்

பல் டாக்டரின் நாற்காலியில், அச்சகம் நடத்தும் பிரஸ்காரர் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். போன இரண்டு தடவையும் ஊசியைக் கண்டதும் எழுந்து ஓடியவர் அவர்.

"பிரஸ்காரரே, நம்ம பேஸ்பால் லீக்ல உங்க டீம்ல ஒரு பையன் இருக்கானே, பத்தொன்பது வயசுலயே எல்லாரையும் அவுட்டாக்குறவன். அவனை எனக்குக் கொடுங்களேன்" என்றார் டாக்டர்.

ஆளுக்கொரு டீமை வைத்துக்கொள்ள, ஆட்டக்காரர்களைக் கம்ப்யூட்டரே உண்டாக்கி, கம்ப்யூட்டரே ஆட வைக்கும் லீக் அது. அந்தப் பையனுக்குத் தோள் கிழிந்துவிட்டதாகக் காலையில்தான் அது காட்டியிருந்தது. இந்த சீசனில் அவன் இனிப் பந்தைத் தொடமுடியாது. டாக்டர் பார்க்கவில்லை போலும்.

"பதிலுக்கு யாரைத் தருவீங்க?"

"என் டீம்லயே நல்ல பையன், அந்த இருபது வயசுக்காரன். வாயைத் திறந்துக்கிட்டே யோசிங்க."

பிரஸ்காரர் கண்களை மூடிக்கொண்டார். அவனும் வந்துவிட்டால் கோப்பை தனக்குத்தான். டாக்டர் அவனுடைய பெருமைகளை அளந்துகொண்டே இருந்தார். ஈறில் ஏதோ சுருக்கென்றதுகூடப் பிரஸ்காரருக்கு உறைக்கவில்லை; சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. வெகுநேரம் பிகு பண்ணிவிட்டு, "ம்" என்றார்.

"முடிஞ்சது."

பேரத்தைத்தான் சொல்கிறார் என்று கண்களைத் திறந்தால், தட்டில் அவருடைய கடைவாய்ப்பல் கிடந்தது.

பிரஸ்காரருக்கு மனசு கேட்கவில்லை. பஞ்சைக் கடித்தபடியே குழறினார்.

"டாக்டர், மன்னிச்சுக்குங்க. அந்தப் பையனுக்குத் தோள் போயிடுச்சு."

"காலையிலேயே பார்த்தேன்."

"தெரிஞ்சுமா கேட்டீங்க?"

"உங்களை இந்த நாற்காலியில உட்கார வைக்க அவனை விட்டா வேற யாரால முடியும்?"

"அப்போ உங்க பையன் எனக்கு வேணாம், டாக்டர்."

"பேசினது பேசினதுதான், வச்சுக்குங்க. அடுத்த வாரம் பக்கத்துப் பல்லுக்கு யாரைக் கேக்கலாம்னுதான் யோசிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கை கழுவப் போனார்.