இன்னொரு கத்தி

இளம் டாக்டர் நீலப் பேனாவால் ரொட்டிக்கடைக்காரரின் வயிற்றில் கோடு போட்டுக்கொண்டே பேசினார்.

எடை குறைக்கச் செய்த முதல் ஆபரேஷனில் இரைப்பையின் மேல்பகுதியைச் சரியாக வெட்டாமல் விட்டுவிட்டார்களாம். விட்ட இடம் பை போல விரிந்துவிட்டதாம்.

"உங்க மேல தப்பே இல்ல. நீங்க வாயைக் கட்டியிருந்தாலும் எடை திரும்பி வந்திருக்கும்."

அவர் படுத்தபடியே, "சரிங்க" என்றார். மழை வரும்போல் இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டவர் மாதிரி.

அவருடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவிக்குத்தான் காது அடைத்தது.

மகளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டபோது, பொருந்தியது அப்பாவுடையது மட்டும்தான். ஆனால் இந்த உடம்பிலிருந்து எடுக்க முடியாது, இளைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சிறுநீரகம் கொடுப்பதற்காக இரைப்பையைக் கொடுத்த மனிதர் என்று கடைத்தெருவே அவரைப் பேசியது.

எடை மளமளவென்று இறங்கியது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு இறங்குவது நின்றது. அதன்பின், போன வழியே எல்லாம் திரும்பி வந்தது.

பொழுதெல்லாம் ரொட்டி சுடுகிறவர் கை சும்மாவா இருக்கும் என்றார்கள் சொந்தக்காரர்கள். மனைவி ஒருபடி மேலே போனாள். மகளின் காதுபடவே கேட்டாள்:

"பொண்ணு பெருசா, நாக்கு பெருசா?"

அவர் அன்றிலிருந்து அரை டம்ளர் பாலோடு எழுந்துவிடுவார். அப்போதும் எடை இறங்கவில்லை. வெளியே தின்றுவிட்டு வந்து வீட்டில் நடிக்கிறார் என்றாள்.

டாக்டர் பேனாவை மூடினார்.

"இந்தத் தடவை தவறாது. நல்லபடியா இளைச்சதும் கிட்னி கொடுத்துடலாம். பொண்ணு எந்த வார்டு? நானே போய்ச் சொல்லிட்டு வரேன்."

பழைய கதையை யாரோ இவருக்கு அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று மனைவி நினைத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அவரே சொல்லட்டும்.

"பொண்ணு போய் ஒரு வருஷம் ஆச்சுங்க."

அப்படியென்றால் எதற்கு இது, முதல் தடவையைவிட இதில் ஆபத்து அதிகமாயிற்றே என்று டாக்டர் தடுமாறினார்.

அதையேதான் மனைவியும் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள். முட்டி வலி என்று சொல்லி மழுப்பியிருந்தார். மகள் போன பிறகும் அவர் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்துபோவது அவளுக்குத் தெரியும். துக்கம், ஆறட்டும் என்று விட்டிருந்தாள்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"டயாலிசிஸ் ரூம்ல அவ உக்காந்த நாற்காலியில இப்ப வேற ஒரு பொண்ணு உக்காருது. அதுக்கும் நம்ம ரத்த குரூப்தான். என் கிட்னி பொருந்தும்னாங்க."

ஸ்ட்ரெச்சர் வண்டி வந்தது. நாலு பேர் சேர்ந்து அவரை அதற்கு மாற்றினார்கள். மனைவி சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

மன்னிப்பு என்ற சொல் அவர்கள் வீட்டில் புழங்கியதே இல்லை. கண்ணாடிக் கதவு வந்துவிட்டது. அவள் குனிந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காளா?"

"இருக்கா. பொண்ணு டாக்டர் சொன்ன அளவுக்கு மேல திருட்டுத்தனமா தண்ணி குடிக்குதுன்னு எந்நேரமும் திட்டிக்கிட்டே இருப்பா."

கதவு திறந்தது. அவர் அவள் கையைத் தொட்டார்.

"பயந்தானே. வேற என்ன."