இருட்டறையில் அரை மணி நேரம்

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று இப்போதெல்லாம் நடைபாதை விளக்கைக்கூட ஒழுங்காக எரிய விடுவதில்லை. அன்று காலையும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இமோஜனின் சோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

“உங்க இருட்டறையைக் குத்தம் சொன்னா நீங்க கோச்சுக்குவீங்க மெர்வ். என் உணரியைச் சொன்னா நான் கோச்சுக்குவேன். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்” என்றாள்.

வானத்துக் காமா கதிர் காற்றில் மோதினால் கண நேரம் ஒரு நீல மினுக்கம் வருமாம். அதைப் பிடிக்கும் தொலைநோக்கிக்காக, விரல் நகம் அளவில் அறுபது ஒளி உணரிகளை வாங்கியிருந்தாள். கும்மிருட்டில் வைத்தால் அவை அநேகமாக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இவையோ ஒரு மாதமாக வெளிச்சம், வெளிச்சம் என்று கத்திக்கொண்டிருந்தன.

உணரிகள்தான் மோசம் என்றால் மொத்தத்தையும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். தொலைநோக்கி வேலை வேறு ஊர்க் குழுவுக்குப் போய்விடும். இமோஜனுக்கு அடிலெய்டில் வேலை இருக்காது.

இருட்டறையைக் கட்டியவன் நான். எங்கே வெளிச்சம் ஒழுகுகிறது என்று பார்ப்பதும் நான்தான். கதவைச் சாத்திக்கொண்டு, கண் பழகும்வரை உள்ளே உட்கார்ந்தால் ஊசித் துளைகூடத் தெரிந்துவிடும். அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டுவேன். முப்பது வருஷமாக இதே முறைதான். இந்த மாதம் மூன்று தடவை பார்த்தாயிற்று, ஒரு துளை இல்லை.

அன்று அவளே முதலில் உள்ளே போய் நாற்காலியைப் போட்டுவிட்டு வந்தாள். நேர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாள். எனக்கே பாடம் எடுக்கிறாள்.

அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தேன்.

“சுத்த இருட்டு. உன் சாமான்தான் பொய் சொல்லுது. எல்லாத்தையும் மூட்டை கட்டு” என்றேன்.

அவள் என் தோளில் கை வைத்தாள்.

“அந்தச் சுவர்ல ஊசித் துளை அளவுக்கு ஒரு குட்டி விளக்கை ஏத்தி வெச்சிருந்தேன், மெர்வ்.”

அணைந்துபோயிருக்கும் என்றேன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“இன்னும் எரியுது” என்றாள்.

சொல்லுவாள். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.