பந்தய சைக்கிளுக்குப் பூஜை

ஒரு தகப்பன் தன் மகளை உலகச் சாம்பியனாக்குவது என்று முடிவு செய்துவிட்டால் இயற்கையே ஒதுங்கி வழிவிடும்.

எலுமிச்சம்பழம் ஒதுங்கி வழிவிட்டது.

அதுதான் பிரச்சினை.

நசுங்க வேண்டிய பழம் அது. இரண்டு லாரி, நான்கு கார், ஒரு டிராக்டர் என்று அந்தத் தகப்பன் வாங்கிய எல்லா வண்டிக்கடியிலும் பழம் நசுங்கியிருக்கிறது. இதுவரை ஒன்றுகூட அவரை மீறியதில்லை.

ஆனால் இது பந்தய சைக்கிள். இரண்டு விரல் அகல டயர். கல்லாகக் காற்று. சக்கரம் தொட்டதும் பழம் வழுக்கி உருண்டு, குடியிருப்போர் அசோசியேஷன் செயலாளரின் செருப்பருகே போய் நின்றது.

செயலாளர் இருமினார்.

கோவையில் பதினோரு மாடி அடுக்ககம். அதன் கார் நிறுத்துமிடம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை. குருக்கள், செயலாளர், காவலாளி சென்றாயன், நடைப்பயிற்சியைப் பாதியில் விட்டு வந்த பதினைந்து பேர். எல்லோரும் அவர் அழைத்து வந்தவர்கள்.

சைக்கிள் மேல் மகள் சஷ்டிகா. பன்னிரண்டு வயது.

ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, கையுறை, உடம்போடு ஒட்டும் சட்டை, உட்காருமிடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை, பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூ. கடையில் இருந்ததெல்லாம் அவள் மேல் இருந்தது. அவரும் அதே நிறத்தில் அதே சட்டை, அதே கால்சட்டை. அவர் ஓட்டப் போவதில்லை. காரில் பின்னால் வருவார்.

முதல் மாதம் பூட்டும் ஷூ வேண்டாம் என்று கடைக்காரர் கெஞ்சினார். என் ரத்தத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்டார்.

இரண்டாவது முறை, பழத்தைப் பிடித்துக்கொள்ளும்படி சென்றாயனைக் குனிய வைத்தார்.

சக்கரம் ஏறியது. பழம் தப்பியது. சென்றாயனின் ஆள்காட்டி விரல் தப்பவில்லை. நகம் கதவு போலத் திறந்து நின்றது.

சென்றாயன் கத்தவில்லை. பூஜையில் கத்தக் கூடாது.

வேகம் செத்த சைக்கிள் ஆடியது. சஷ்டிகா காலை இழுத்துப் பார்த்தாள். பூட்டிய கால் வரவில்லை. சைக்கிளோடு சேர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தாள். முழங்கைத் தோல் தரையில் தங்கிவிட்டது.

அவர் பதறி ஓடினார். சைக்கிளைத் தூக்கினார். பெயின்ட் போயிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

பெடலில் பூட்டியிருந்த காலும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தது.

"கால் கழல மாட்டேங்குதுங்கப்பா."

கன்னத்தில் அறைந்தார்.

ஹெல்மெட்டின் கொக்கி அவர் உள்ளங்கையைக் கிழித்தது. அதற்காக இன்னொன்று.

காலால் நசுக்கினாலும் பகவான் ஏற்றுக்கொள்வார் என்று குருக்கள் மெதுவாகச் சொன்னார். அவர் குருக்களைப் பார்த்தார். குருக்கள் மந்திரத்துக்குத் திரும்பிவிட்டார்.

கடைசியில் உடைக்க வைத்திருந்த பூசணிக்காயை அவர் எடுத்தார். தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அடித்தார். காசும் குங்குமத் தண்ணீரும் தெறித்தன. செயலாளரின் வெள்ளைச் சட்டை சிவந்தது. தரையில் எது குங்குமம், எது சென்றாயன் என்று சொல்ல முடியவில்லை.

பழத்தை அவரே சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்.

"மிதிக்கறயா, நான் உன்னைய மிதிக்கட்டுமா?"

அவள் மிதிப்பதற்குள் சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். இரும்பு வார்க்கும் பட்டறையில் தொடங்கிய கைகள். முழுப் பலத்தோடு தள்ளின.

முன் சக்கரம் பழத்தில் இடித்துத் திரும்பியது. பின் சக்கரம் பூசணியில் வழுக்கியது. எதிரில் தூண்.

ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. முழங்கை இல்லாத இடத்தில் கை மடங்கியது.

பதினைந்து பேரும் தங்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள்.

வந்த கண்டம் இதோடு கழிந்தது என்று குருக்கள் கற்பூரத்தைக் காட்டினார். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவு நிரம்பியிருந்தது. சின்ன வயது டாக்டரம்மா கையைத் தொடுவதற்கு முன் கன்னத்தைப் பார்த்தார். ஐந்து விரல்களும் அங்கே இருந்தன.

தூண் இடித்தது என்றார் அவர்.

தூணுக்கு விரல் உண்டா என்று டாக்டரம்மா கேட்கவில்லை. அவரை வெளியே நிற்கச் சொன்னார். அவர் நகரவில்லை.

டாக்டரம்மா குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, யார் தள்ளிவிட்டது என்று கேட்டார்.

சஷ்டிகா அப்பாவின் கையைப் பார்த்தாள். கிழிந்த உள்ளங்கை மெதுவாக மூடித் திறந்தது.

"நானேதான் விழுந்துட்டனுங்க."

அவர் மூச்சு விட்டார். நெஞ்சு பழைய அகலத்துக்கு வந்தது. அடுத்த மாதம் பந்தயம் இருக்கிறது, அதற்குள் மாவுக்கட்டைப் பிரித்தாக வேண்டும், இதெல்லாம் உனக்குப் புரியாது அம்மிணி, பெரிய டாக்டரிடமே பேசிக்கொள்கிறேன் என்றார். செல்போனைக் காதில் வைத்தபடி திரும்பி, வார்டின் முழு நீளமும் நடந்தார். கட்டில்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்கள்.

அவர் இன்னும் நிமிர்ந்தார்.

காலையில் லிஃப்டில், அவருக்குப் பின்னால் நிற்கும்போதே சஷ்டிகா அதைப் பார்த்திருந்தாள். அதையும் சொல்லவில்லை.

அவர் கால்சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி போட்டிருந்தார். பின்புறம் தெரிந்த பஞ்சு மஞ்சள் நிறம்.