ஐந்து மணிக்குள் விறகுத் தீ

“கேஸைக் கழத்திட்டா அப்புறம் விறகுதாம்மா. நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதீங்களா?”

“யோசிச்சாச்சு மேஸ்திரி. அஞ்சு மணிக்குள்ள முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க.”

பூலோகம் கூடத்துச் சுவரைப் பார்த்தான். செம்பூரில் எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகளுக்கென்று வரிசையாக நின்ற எட்டுப் பங்களாக்களில் இது ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியதால் சுவருக்குள் விறகெரித்துக் குளிர்காய ஒரு கணப்பு இருந்தது. பம்பாயில் குளிர் ஏது? ஆனால் ஜூலை மழையில் சுவருக்கே வியர்க்கிற ஊர் இது. பீரோவில் பூஞ்சை, செருப்பில் பூஞ்சை. வீடு உலர நெருப்பு வேண்டித்தான் இருந்தது. இப்போது கணப்புக்குள் விறகு இல்லை. வெள்ளை மண்கட்டிகள் பதித்த கேஸ் அடுப்பு ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதற்கான சிலிண்டர் வராந்தாவில்.

“புத்தம் புதுசால்லா இருக்கு.”

“போன வாரம்தான் வச்சாங்க.”

“திருகினா எரியுது, திருகினா பந்த். புகை இல்ல, சாம்பல் இல்ல, கிட்ட இருந்து பாக்க ஒரு ஆளு வேண்டாம். இதைப் போயி…”

“அதான் எனக்குப் பிடிக்கலை” என்று வெட்டினாள் அந்த அம்மாள். அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது. மணி ஒன்றரை.

காலையிலிருந்து ஸ்டேஷன் பக்கத்து நாற்சந்தியான நாக்காவில் கரண்டியும் மட்டப்பலகையுமாகக் கூலிக்கு நின்ற நாற்பது பேரில், இவன் ஊர்ப் பேச்சைக் கேட்டு இவனைக் கூப்பிட்டவள் அவள்தான். நாக்காவில் யார் வீடு, எவர் வீடு என்று கேட்கிற வழக்கமில்லை. கூப்பிட்டவர்தான் முதலாளி. மூன்று வாரமாக மழை. கொத்தனாருக்கு ஒரு வேலையும் இல்லை. தாராவியில் அவன் வீட்டு அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது.

வழியில் அவள் சொன்னது இன்னும் காதில் இனித்தது. “ஐயா சாயந்திரம் பூனாவிலேருந்து வாராங்க. நெருப்பு நல்லா எரியறதைப் பாத்தாங்கன்னா, எட்டு பங்களா ஒழுக்கு அடைக்கிற வேலையும் உங்க கைக்குத்தான்.”

அவன் சிலிண்டரை மூடி, குழாயைக் கழற்றி, அடுப்பை அலுங்காமல் வெளியே தூக்கி வைத்தான். மழைத் தண்ணீர் இறங்காமலிருக்கப் புகைபோக்கியின் அடிவாயில் தகரம் வைத்துப் பூசியிருந்தார்கள். உளியை எடுத்துக்கொண்டு உள்ளே குனிந்தான்.

“இடது பக்கம் ஒரு செங்கல் துருத்திட்டு இருக்கும். தலை பத்திரம்” என்றாள் அவள்.

இருந்தது. அதிகாரி சம்சாரத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது?

டெலிபோன் அடித்தது. அவள் நகரவில்லை.

“போன் அடிக்கும்மா.”

“அடிச்சு ஓயட்டும். நீங்க ஜல்தி பாருங்க.”

அடிக்கடி வாசலுக்குப் போனாள், வந்தாள். காலுக்குப் பெரிதான வெல்வெட் செருப்பு தரையில் டப்டப்பென்று அடித்தது. மூன்று மணிக்கு அவனுக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் டீ வந்தது. உடைந்துவிடுமோ என்று பயந்துகொண்டே குடித்தான். அவளோ நசுங்கிய அலுமினிய தம்ளரில், நின்றபடியே குடித்தாள். பெரிய மனுஷி, எளிமையைப் பாரு என்று நினைத்துக்கொண்டான்.

நாலேகாலுக்குத் தகரம் கையோடு வந்தது. கூடவே ஒரு கூடைக் கரியும் அவன் தலையில் இறங்கியது.

“மாப்பிள்ளைக் கோலம்தான்” என்று அவள் முதன்முதலாகச் சிரித்தாள்.

ஒரு பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகைபோக்கியின் வாயில் பிடித்தான். புகை ஒரு கணம் தயங்கிக் கூடத்துப் பக்கம் வளைந்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். பிறகு யாரோ மேலேயிருந்து உறிஞ்சியதுபோல் விருட்டென்று ஏறிப் போயிற்று.

“இழுக்குது” என்றான் பூலோகம். “இனி விறகு அடுக்கணும். ஈரமாத்தான் இருக்கும், ஒரு போத்தல் மண்ணெண்ணெய்…”

“வேண்டாம், தள்ளுங்க.”

அவள் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கொல்லையில் எங்கோ பதுக்கி வைத்திருந்த காய்ந்த விறகைக் கொண்டுவந்து, சுள்ளி கீழே, பிளாச்சு குறுக்கே, கட்டை மேலே என்று அடுக்கினாள். ஒரே தீக்குச்சி. இரண்டு ஊதல். நெருப்பு படபடவென்று பற்றி எழுந்தது.

“நமக்கே இப்படி வராதும்மா” என்றான் அவன், நிஜமாகவே.

அவள் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஐந்தாகப் பத்து நிமிஷம்.

கேட்டுக்கு வெளியே கார் ஹாரன் கேட்டது. பூலோகம் அவசரமாக முகத்துக் கரியைத் துடைத்து, சட்டைப் பொத்தானை மாட்டி, எட்டு பங்களாவுக்கு ஏற்ற முகத்தோடு நிமிர்ந்து நின்றான்.

அந்த அம்மாள் வெல்வெட் செருப்பைக் கழற்றினாள். முந்தானையால் துடைத்து, படுக்கையறை வாசலில் ஜோடி சேர்த்து வைத்தாள். வெறுங்காலோடு திரும்பி வந்தாள்.

வாசலிலிருந்து ஒரு பெண்ணின் அதட்டல் வந்தது. “ஏட்டி இருதயமேரி, பெட்டியைத் தூக்க வரமாட்டியா? போன் பண்ணினா எடுக்கவும் இல்ல. அதென்னட்டி வீட்டுக்குள்ள விறகுப் புகை?”

“இந்தா வந்துட்டேம்மா” என்று குரல் கொடுத்தவள், பூலோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, சமையலுக்குக் கேஸ் வந்தப்பவே பாதி வேலை போச்சு. இப்பக் கூடத்துக்கும் வந்துட்டுது, விறகு போட இனி ஆள் எதுக்குன்னு இந்த மாசத்தோட என்னை நிக்கச் சொல்லிட்டாங்க. கேஸ் கசிஞ்சுது, ஆபத்துன்னு நீங்களாத்தான் கழத்துனீங்கன்னு ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே.”