புரட்டாசிக் குழம்பு

மொச்சையை வேகவைத்து, கறி மசாலாவை அரைத்து ஊற்றியிருக்கிறேன். தக்காளிக் கூடைகளை டெம்போவில் ஏற்றிவிட்டு வந்த என் மனைவி மேனகா, சட்டிக்குள் எட்டிப் பார்க்கிறாள். "வாசமெல்லாம் வருது, ஆட்டத்தான் காணோமேங்க?" "புரட்டாசியாச்சே புள்ள, திருப்பதிக்குப் போயிருக்குது." அவள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுகிறாள். "பாலக்கோட்டுல எறக்கிட்டுச் சோத்துக்கு வந்துருவேன். எனக்கும் கொஞ்சம் வெச்சுட்டுத் தின்னுங்க."

ஜன்னல் வெயில் குழம்பில் மிதக்கும் எண்ணெயின்மேல் விழுகிறது. அவள் வருவதற்குள் இறக்கிவிட வேண்டுமென்று தீயைக் கூட்டுகிறேன். குமிழிகள் உடைந்து சுவரில் சிவப்பாகத் தெறிக்கின்றன. அவள் தம்பி குமார் செருப்போடு உள்ளே வருகிறான். "மாமா, டெம்போ கவுந்துருச்சுங்க. அக்கா போயிருச்சுங்க." அவன் செருப்பில் ஒட்டியிருக்கும் தக்காளித் தோலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவன் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அடுப்பை அணைக்கிறான். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. "இன்னும் உப்புப் போடல குமாரு" என்கிறேன். அவன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுகிறான். தீ அணைந்த பிறகும் மண்சட்டியில் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது.