சிஸ்டர் டீச்சருக்குச் சிவப்புச் சேலை

சிஸ்டர் டீச்சரோட முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு எல்லாரும் தமிழ்ப் பள்ளி மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தா, ரூபினி மிளகாய்ப்பழச் சிவப்புல சேலை கட்டிக்கிட்டு வந்து நிக்கிறா.

"இது துக்கத்துக்குக் கட்டுற சேலையா?"

கேட்டது வடிவம்மாள். ரூபினியோட அத்தை, அப்பா தயாளனுக்கு அக்கா. அந்தம்மா குரலுக்கு மைக் தேவையில்ல.

நாங்க எல்லாரும் வெள்ளையில இருந்தோம். எங்களுக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. செத்தது பெத்த தாயா இருந்தா இப்படி வந்திருப்பாளான்னு பக்கத்துல இருந்த சந்திரிகா டீச்சர் முணுமுணுத்தாங்க.

சிஸ்டர் டீச்சரைத் தெரியாதவங்க பினாங்குல எங்க பக்கம் யாரும் கிடையாது. கன்னியாஸ்திரீயா இருந்து, மடத்தை விட்டு வெளிய வந்து, எங்க பள்ளியில பாடம் எடுத்து, தலைமையாசிரியையா ஆனவங்க. மனைவியை இழந்து சின்னப் பொண்ணோட தவிச்சுக்கிட்டிருந்த தயாளனைக் கட்டிக்கிட்டாங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் பேரு மாறல. தயாளனே வீட்டுல "சிஸ்டர், என் சட்டை எங்க?"ன்னுதான் கேப்பாரு. எங்களுக்குச் சிரிப்பு தாங்காது.

சமையல் அவங்களுக்குச் சுத்தமா வராது. அவங்க வச்ச ரசத்தைக் குடிச்சா பாவமெல்லாம் கழிஞ்சிரும்னு தயாளன் சொல்லுவாரு. சொல்லிட்டு இன்னொரு டம்ளர் கேப்பாரு.

வடிவம்மாள் பரப்பின கதை வேற. கல்யாணத்தன்னிக்கு வெள்ளைச் சேலையில வந்த பொம்பள, மறுநாளே சிவப்பு, அப்புறம் கிளிப்பச்சை, அப்புறம் ரோஸ். அந்தக் கோலத்துல மோட்டார் சைக்கிள்ல ரூபினியை உட்கார வச்சுக்கிட்டுப் பள்ளிக்குப் பறப்பாங்க. மினுக்கத்தான் மடத்தை விட்டு ஓடி வந்தாளாம்னு பசார்ல மீன் வாங்குற இடத்துல கூட வடிவம்மாள் சொல்லுவாங்க. அது சிஸ்டர் காதுக்கும் வந்துச்சு. சிரிச்சுட்டு விட்டுட்டாங்க.

இப்போ படத்துக்கு மாலை போடுற நேரம். வடிவம்மாள் பையிலேருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து நீட்டினாங்க. இதை மாத்திக்கிட்டு வந்துதான் மாலை போடணும், இல்லன்னா சொந்தக்காரங்க எல்லாரும் எழுந்து போயிடுவோம்னு கறாரா சொல்லிட்டாங்க. தயாளன் பாவம், அக்காவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாரு.

ரூபினி மாலையைக் கையிலேருந்து விடல. கண்ணு கலங்கிருச்சு, ஆனாலும் சிரிச்சா.

"அத்தே, எங்கம்மா சாவுக்கு வந்தவங்க எல்லாரும் வெள்ளையில வந்தீங்க. எனக்கு அப்போ அஞ்சு வயசு. அதுக்கப்புறம் வெள்ளைச் சேலையைப் பார்த்தாலே அலறிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிடுவேன். கல்யாணத்தன்னிக்கு சிஸ்டர் வந்தப்பவும் அங்கதான் இருந்தேன்."

"சின்னப் பிள்ளைன்னா பயப்படத்தான் செய்யும் லா. அதுக்கு இப்போ என்ன?"

"மறுநாள் காலையில இந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உட்கார்ந்தாங்க. என்னைக் கூப்பிடக்கூட இல்ல. நானா வெளிய வந்து மடியில ஏறிட்டேன்."

நாகூர் மீரான் கடையிலேருந்து வந்த மீ கோரேங் நூடுல்ஸ் ஆறிக்கிட்டிருந்துச்சு. அதை யாரும் தொடல.

வடிவம்மாளுக்கு விட்டுக்கொடுக்க மனசில்ல. அப்படின்னா சிஸ்டரைச் சவப்பெட்டியில வைக்கிறப்போ மட்டும் நீ எதுக்கு வெள்ளை கட்டிவிட்டேன்னு கேட்டாங்க. ஆனா குரல் இறங்கியிருந்துச்சு.

ரூபினி மாலையைப் படத்துக்குப் போட்டு, ஒழுங்கா நேராக்கிட்டுத் திரும்பினா.

"அவங்களுக்கு என்னிக்கும் பிடிச்சது வெள்ளைதான், அத்தே. எனக்காகத்தான் இத்தனை வருஷமும் கட்டாம இருந்தாங்க."